பிரேக் ஆயிலின் நிறம்

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. ‘பார்த்தது’ என்ற பத்தியில், பிரேக் ஆயில் மாற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. பில்லில் இருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான். அது ‘கேட்டது’ பத்தியில் வந்திருக்க வேண்டும். இன்று காலை அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன்.

இந்த இரண்டு பத்தி முறை மாலை வகுப்பில் கற்றது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. வாரத்தில் மூன்று மாலை, கண் பரிசோதனைக்கான பட்டயப் படிப்பு. வந்தவர் சொல்வதை ஒரு பத்தியிலும், கருவியில் நாம் பார்ப்பதை இன்னொரு பத்தியிலும் எழுத வேண்டும், இரண்டும் கலந்தால் யாரோ ஒருவருக்குத் தவறான கண்ணாடி போய்ச் சேரும் என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்துப்போய் நாட்குறிப்பையும் அப்படியே எழுதப் பழகிவிட்டேன். வகுப்பில் பதினேழு பேர். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கண்ணை மற்றவர் சோதிப்பார்கள். பதினேழாவது ஆள் நான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வலது கண் மட்டும்தான் திறக்கும். வகுப்பு நோட்டில் என் ‘கேட்டது’ பத்தி எப்போதும் காலி.

அடித்த வரியைச் சரியான இடத்தில் எழுத வேண்டுமானால் ஒருமுறை பார்த்துவிட்டே எழுதலாமே என்று தோன்றியது. சந்தேகத்தால் அல்ல. இதை எழுதும்போதே, சந்தேகம் இல்லாவிட்டால் ஏன் பார்க்கப் போனாய் என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது. தெரியவில்லை.

கார் அக்காவுடையது. கல்யாணமாகி மலைமேல் குடிபோனபோது என்னிடம் விட்டுச் சென்றாள். அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. கரையிறங்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். குழந்தைக்குப் பன்னிரண்டு வாரம். அங்கே தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று அக்கா சொன்னதால், இந்தச் சனிக்கிழமை நான் போய் இருவரையும் அழைத்துவந்து, அவர் வரும்வரை என் அறையில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. போகும்போது ஏற்றம். வரும்போது பின்சீட்டில் குழந்தையோடு முப்பத்தெட்டு வளைவுகள் இறக்கம். அதற்காகத்தான் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, நேற்று மாலை எடுத்துவந்தேன்.

பில்லில் ஐந்து வேலைகள். முன்சக்கரங்களின் பிரேக் பேட் புதிதா என்று சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தேன். புதிது, விரல் தடிமன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன், வெள்ளையாக இருந்தது. வைப்பர் ரப்பர் புதிது. பின்சக்கர பிரேக் ஷூ மூடிக்குள் இருப்பதால் பார்க்க முடியாது. ஆனால் கழற்றிய பழசை மெக்கானிக் அண்ணன் எப்போதும் ஒரு துணிப்பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவார். “பழசு டிக்கியில இருக்கும்மா, பாத்துக்கோ” என்று சாவியோடு சேர்த்துச் சொல்லுவார். பையைப் பிரித்தேன். நான்கு ஷூவும் இருந்தன, தேய்ந்து வழுவழுப்பாக.

ஐந்தாவது பிரேக் ஆயில். பானட்டைத் தூக்கி அந்தச் சிறிய டப்பாவைப் பார்த்தேன். புது ஆயில் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும் என்கிறது வண்டியோடு வந்த கையேடு. டப்பாவில் இருந்தது அடியில் தங்கிய தேநீரின் நிறம். காலை வெளிச்சம் போதவில்லையோ என்று மதிய இடைவேளையில் நல்ல வெயிலில் நிறுத்தி, பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்த்தேன். அதே நிறம். டப்பாவே பழுப்பேறியிருக்கலாம் என்று மூடியைத் திறந்து, சுத்தமான குச்சியை நுனி மட்டும் நனைத்துத் தாளில் தொட்டேன். பழுப்புப் புள்ளி.

பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்துவிடும், நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்து, மிதி தரை வரை இறங்கிவிடும், வண்டி நிற்காது என்றும் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே? இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து பதினாறு மாதம் ஆகிறது. கடையின் பின்னறையில் இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்கும் ஒரே இடம் அந்த ஒர்க்‌ஷாப். போன வருடம் ஒரு நாள், வண்டி திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வருகிறது என்று போய் நின்றேன். அப்படி எந்தச் சத்தமும் இல்லை. அண்ணன் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“சத்தம் வண்டியில இல்லம்மா. வண்டி நல்லாத்தான் இருக்கு. உக்காரு, டீ சொல்றேன்.”

அடுத்த வாரமும் போனேன். “வா கண்ணாடி, இன்னிக்கு எந்தப் பக்கம் சத்தம்?” என்றார். என் வேலையை வைத்து அவர் வைத்த பெயர் அது. மேஜையில் பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், தலைநிமிராமலே, “இந்தப் பொண்ணோட வண்டிக்கு மட்டும் வாரா வாரம் ஜலதோஷம் பிடிக்குது” என்றார். மூவரும் சிரித்தோம். அதன்பிறகு சத்தம் தேவைப்படவில்லை, சும்மாவே போனேன்.

ஆகவே நாளை நேராக அங்கே போவதற்குமுன் என் கண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 12, புதன்

மதியம் பெட்ரோல் பங்குக்கு எதிரே இருக்கும் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். நட்டநடு வெயிலிலும் டார்ச் அடித்துத்தான் எதையும் பார்ப்பார் என்பதால் ஊரே அவரை டார்ச் என்கிறது. சட்டைப் பையில் ஒன்று, கால்சட்டைப் பையில் ஒன்று வைத்திருந்தார்.

“பானட்டத் தூக்கு. ம்... யாரு பாத்தா இத?”

நான் சொல்லவில்லை. கையில் மடித்து வைத்திருந்த பில்லைத் தலைகீழாகவே வாசித்துவிட்டார்.

“ஓ, அவனா! எழுதத் தெரிஞ்சிருக்கு, ஊத்தத் தெரியல.”

பேனா மாதிரி ஒரு கருவியை டப்பாவுக்குள் விட்டார். அதில் ஐந்து விளக்குகள். கடைசி விளக்கு, சிவப்பு, எரிந்தது.

“பாத்தியா? பாதித் தண்ணி. எங்க போறே இத எடுத்துட்டு?”

“மலைக்கு. அக்காவையும் குழந்தையையும் கூட்டிட்டு வரணும்.”

“ஏறிடுவ. எறங்கறதுதான் வேடிக்கை. பாதி வழியில பிரேக்க மிதிச்சா பஞ்சு மெத்தைய மிதிச்ச மாதிரி இருக்கும். வண்டிய விடு, ஒரு மணி நேரத்துல மாத்தித் தர்றேன்.”

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை. அங்கேயே மாற்றியிருந்தால் இந்தப் பக்கம் இத்தோடு முடிந்திருக்கும்.

“ஏன், அவன் மேல அவ்ளோ நம்பிக்கையா?” டார்ச்சை என் முகத்துக்கே அடித்தார். “நம்பிக்கை இருந்தா இங்க எதுக்கு வந்த?”

பானட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாலை வகுப்புக்குமுன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: ‘அண்ணா, ஒரு சின்னச் சந்தேகம், பிரேக் ஆயில் கொஞ்சம் கறுப்பா தெரியுது, ஒரு தடவ பாக்கறீங்களா?’ சிக்னலில் நின்றபோது இதை ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“டார்ச்சு கடைக்குப் போனியாமே?”

டார்ச் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏழு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“செய்யாத வேலைக்கு பில்லு போட்டா வேற எங்க போறது?” என்றேன்.

அது என் குரல்தானா என்றுகூட இருந்தது. அண்ணி எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த மீசைக்காரர், அண்ணனுக்கு உதவிக்கு இருக்கிறவர், தட்டுவதை நிறுத்தினார்.

அண்ணன் வெளியே போய் என் வண்டியின் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். மூடியில் முத்திரை பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார்: “ஊத்தல. உண்மைதான்.”

“நான் நோட்டுல மொதல்ல எழுதினதப் பாத்துத்தான் பில்லு போட்டேன்” என்றார் அண்ணி. “நீங்கதானே வண்டி ரெடின்னு சொன்னீங்க?”

“முன்கண்ணாடி சுத்தமா இருந்துச்சு. இந்த டின்னு வாங்கத்தான் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வந்து பாத்தா எல்லாம் அழிஞ்சிருந்துச்சு. நம்ம மீசை கடையில இருக்கற ஆயில வெச்சே முடிச்சுட்டாருன்னு நெனச்சேன்.”

“நீங்க முடிச்சுட்டீங்கன்னு நான் நெனச்சேன்” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

இதை இங்கே விளக்கி எழுத வேண்டும். வேலைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் அண்ணன் ஒரு வெள்ளை மெழுகுப் பென்சிலால் செய்யவேண்டிய வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிப்பார். எல்லாம் சுருக்கம், இரண்டெழுத்து, மூன்றெழுத்து. ஒரு வேலை முடிந்ததும் அதைக் கட்டைவிரலால் தேய்த்து அழிப்பார். கண்ணாடி சுத்தமானால் வண்டி போகலாம். பதினாறு மாதமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தேனே தவிர, கவனிக்கவில்லை. அப்போது எனக்குப் பக்கத்தில் நின்ற வண்டியில் நான்கு வரிகள் இருந்தன. இரண்டு அழிந்து வெண்மையாகத் தீற்றியிருந்தன, இரண்டு மிச்சம்.

அதைப் பார்த்ததும் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டேன். நான்கு மணி இருக்கும். என் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே தெருவில் நின்றது. அண்ணன் இல்லை. அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி முழுக்க வெள்ளைத் தீற்றல், கீழ் மூலையில் மட்டும் ஏதோ இரண்டு எழுத்து. அழித்ததில் மிச்சம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. நாள் முழுக்கக் கண்ணாடி துடைக்கிற கை. பையிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, ஆவி ஊதி, மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். சும்மா நிற்காமல் ஒரு வேலை செய்தோமே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இவ்வளவும் அங்கே நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

அண்ணன் மேஜையருகே போய் ஏதோ சொல்ல, அண்ணி அந்த ஒரு வேலைக்கான தொகையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

“நாளைக்கு வெளியூர்ல ஒரு பஸ் நின்னு கெடக்கு, போறேன்” என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். “வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கொண்டு வாங்க. மாத்தித் தர்றேன்.”

வாங்க. என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. கண்ணாடி என்றும் கூப்பிடவில்லை, சாப்பிட்டேனா என்றும் கேட்கவில்லை. கார்ச்சாவியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வகுப்பில் இன்று கண்ணின் பின்திரையைப் பார்க்கும் பயிற்சி. பிளாஸ்டிக் தலையின் வலது கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன தெரியுது?” என்று ஆசிரியை கேட்டார். ஒரு திருகாணி தெரிகிறது என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

துடைத்தது நான்தானா என்று உறுதி செய்துகொள்ள மஞ்சள் துணியை எடுத்து விரித்தேன். ஒரு மூலையில் வெள்ளை மெழுகு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், சுருளாக வந்தது. லென்ஸ் துடைக்கும் துணியில் மெழுகு வர வேறு வழியே இல்லை. ஆகவே இது ‘பார்த்தது’.

இனி என்ன செய்வது என்று பகலெல்லாம் யோசித்ததில் இரண்டு லென்ஸ் வீணாயின. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணன் தன் தவறு என்றே நினைத்துவிட்டார், மீசைக்காரரும் தன் தவறு என்று பாதி நினைத்துவிட்டார், ஆயில் நாளை மாறிவிடும், சனிக்கிழமை வண்டி இறங்கிவிடும். சொன்னால்? ‘செய்யாத வேலைக்கு பில்லு போட்டா’ என்று அவர் மனைவி முன்னால், அவரிடம் வேலை செய்பவர் முன்னால் கத்தியவளே அதற்குக் காரணம் என்று ஆகும். அதற்குமேல் அந்த இடத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? ஆனால் இப்போது மட்டும் உட்காரவா போகிறேன்?

கண்ணாடியை நான் துடைத்தாலும் வண்டியைக் கொடுக்குமுன் அவர் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்றும் வாதாடிப் பார்த்தேன். அது நியாயம்தான். நியாயமாக இருந்தும் ஏனோ உதவவில்லை.

மதியம் அக்கா போன் செய்தாள்.

“தொட்டில எங்கடி போடுவ? உன் ரூம்ல நிக்கவே எடமில்லையே?”

“ஜன்னல் பக்கம். அளந்து வெச்சிருக்கேன். நாலு விரக்கடை மிச்சம் இருக்கு.”

“நீ அளக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

எல்லாவற்றையும் சொன்னேன். தேதி வாரியாகச் சொன்னேன். நடுவில் குழந்தை அழுதது, அக்கா அதைத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது.

“ஆக, தொடச்சது நீ. திட்டு வாங்குனது அவரு.”

“திட்டல. கேட்டேன்.”

“நீ எப்படிக் கேப்பன்னு எனக்குத் தெரியாதா? போய்ச் சொல்லிடு. சொல்லலன்னா முப்பத்தெட்டு வளைவும் இதையே பேசிட்டு வருவ. குழந்தைக்கே காது வலிக்கும்.”

“சொன்னதுக்கப்புறம் அவங்க என்னைச் சேத்துக்கலன்னா?”

தட்டும் சத்தம் நின்றது.

“உனக்கு அங்க வேற யாருமே இல்லையாடி?”

சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். அண்ணன் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். அண்ணி இன்னும் வரவில்லை. மீசைக்காரர் இன்று லீவு. அண்ணன் அந்த டின்னை என் முன்னால் நீட்டினார்.

“சீலப் பாத்துக்கோங்க.”

“வேணாம்ண்ணா.”

“பாத்துக்கோங்க.”

பார்த்தேன். முத்திரை பிரிக்காமல் இருந்தது. என் கண்ணெதிரிலேயே பிரித்தார். முன்பெல்லாம் ‘பாத்துக்கோ’ என்று அவர் சொல்வதில் ஒரு பெருமை இருக்கும். இன்று அது சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது.

வண்டியைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரத்தையும் கழற்றினார். டப்பாவில் புது ஆயிலை ஊற்றினார். பிறகு வாசலைப் பார்த்தார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விட வேண்டும். நட்டை மூடும்வரை மிதியிலிருந்து காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், எல்லாம் பாழ்.

“நான் மிதிக்கிறேன்” என்றேன்.

அவர் என் செருப்பைப் பார்த்தார். கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

டப்பாவிலிருந்து தூரமாக இருக்கும் பின்சக்கரத்தில் ஆரம்பித்தார். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கீழேயிருந்து வரும்.

“மிதிங்க... மிதிங்க... பிடிங்க.”

மிதி காலுக்கடியில் மெல்லத் தரைவரை இறங்கும்.

“விடுங்க.”

மறுபடி. முதல் சக்கரம் முடிய இருபது தடவைக்குமேல் ஆகியிருக்கும். எண்ணிக்கொண்டு வந்தேன், பாதியில் விட்டுப்போயிற்று. பதினாறு மாதத்தில் ஒரு மனிதரோடு சேர்ந்து நான் செய்த முதல் வேலை இதுதான் என்று தோன்றியது. தோன்றிய நேரம் சரியில்லை.

இரண்டாவது சக்கரம். “மிதிங்க. பிடிங்க” என்றார். மிதி இறங்கியது. நான் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன்:

“திங்கக்கிழமை கண்ணாடியத் தொடச்சது நான்தான்ண்ணா.”

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தேன்:

“நீங்க பார்ட்ஸ் கடைக்குப் போயிருந்தீங்க. மூலையில ரெண்டெழுத்து இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு நான் தொடச்சுட்டேன். புதன்கிழமை இங்க நிக்கும்போதே ஞாபகம் வந்துச்சு. சொல்லல.”

“கால எடுத்துடாதீங்க” என்றார்.

மிதியைத் தரையோடு அழுத்திக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நட்டைத் திருக அவ்வளவு நேரம் ஆகாது என்று மட்டும் தெரியும். ஒருவேளை எனக்குத்தான் அப்படி இருந்ததோ.

“விடுங்க.”

அதற்குப்பின் மூன்றாவது, நான்காவது சக்கரம். மிதிங்க, பிடிங்க, விடுங்க தவிர வேறு பேச்சில்லை. நான்காவது முடிந்து அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார்.

“நீங்க தொடச்சது தப்பில்ல. கண்ணாடிய நம்பி வண்டியக் குடுத்தது என் தப்பு. பத்து வருஷமா அப்படித்தான் குடுக்கறேன், ஒண்ணும் ஆகல, அதனால திமிரு.” துணியை மடித்தார். “ஆனா ஒண்ணு. கறுப்பா இருக்குன்னு தெரிஞ்சப்ப இங்க வந்து, ‘யோவ், ஏன்யா ஊத்தல?’ன்னு சட்டையப் பிடிச்சிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல. அவன்கிட்ட போயிருக்கீங்க.”

“உறுதி பண்ணிக்கலாம்னு...”

“அவன் நேத்து பார்ட்ஸ் கடையில பத்துப் பேரு முன்னாடி கதையா சொல்லிருக்கான். பச்சக் குழந்தைய மலையில எறக்குற வண்டிக்கு ஆயில் ஊத்தாம பில்லு போட்டவன்னு. பஸ்ஸுக்கு ஒரு சாமான் வாங்கப் போயி நான் கேட்டுட்டு நின்னேன். கடைக்காரர் முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் தலையசைத்தார். சரி என்பதற்கா, போதும் என்பதற்கா என்று தெரியவில்லை. பழைய ஆயில் பிடித்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கீழே தேநீர் நிறம், மேலே போகப்போக வெளிறி, மேல்மட்டத்தில் வைக்கோல் நிறம்.

“நல்லாப் பாத்துக்கோங்க. மேல வந்தது புதுசு. நாலுலயும் புதுசு வர்ற வரைக்கும் விட்டிருக்கேன்.”

சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தெருவில் இரண்டு முறை ஓட்டி, ஓங்கி பிரேக் பிடித்துக் காட்டினார். வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. அண்ணி அதற்குள் வந்து மேஜை முன் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனதும் அவர் மறுபடி என் பக்கம் நகர்த்திய தொகையை அவர் பக்கமே திருப்பி வைத்தேன். “வேலை முடிஞ்சிடுச்சே அண்ணி” என்றேன். அவர் எடுத்து உள்ளே போட்டார். டீ சொல்லவில்லை. அக்கா எப்போது வருகிறாள் என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும்.

அடுத்த வண்டி வந்து நின்றது. அண்ணன் அதன் முன்கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, அண்ணியின் நோட்டை வாங்கி, அதிலும் ஒவ்வொரு வரிக்கு நேராகவும் ஒரு சின்னக் கட்டம் போட்டார். நான் கிளம்புகிறேன் என்றேன். “ம்” என்றார்.

கடையில் மாலைவரை வேலை ஓடியது. லென்ஸ் எதுவும் வீணாகவில்லை. இன்று வகுப்பு இல்லாத நாள். அறைக்கு வந்து ஜன்னல் பக்கம் கூட்டிவிட்டு, மடித்த போர்வைகளை அங்கே வைத்தேன். அறை நான் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது.

நான் பேசியது அண்ணன் காதோடு போகவில்லை, பத்துப் பேர் வரை போயிருக்கிறது. நான் சொன்ன உண்மை மட்டும் ஒரு வண்டிக்கு அடியில் ஒருவரோடு நின்றுவிட்டது. அதை வேறு யாரிடமும் போய்ச் சொல்லும்படி அண்ணன் கேட்கவில்லை. சொன்னாலும் அவர் பழையபடி பேசுவார் என்று எழுத என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. டார்ச் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். சிரிப்பார். என் முகத்துக்கே விளக்கடிப்பார். சிரிக்கட்டும்.

நாளை ஆறு மணிக்கு நான்கு டயருக்கும் காற்று. ஆறரைக்கு டார்ச் கடை திறக்கும்: கண்ணாடியைத் துடைத்தது நான், ஆயில் மாறாததற்குக் காரணம் அதுதான், வேலையை அண்ணன் முடித்துக் கொடுத்துவிட்டார் என்று அவரிடம் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு பார்ட்ஸ் கடை திறக்கும். அங்கேயும் இதே மூன்றையும், குரலைத் தாழ்த்தாமல், கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். எட்டரைக்கு மலைப்பாதை.